நடந்து உள்ளே போனவர் நடந்தே வெளியே வர

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 78 வயதான அப்பா, நிமோனியா என்று தன் காலால் நடந்து போய் மருத்துவமனையில் சேர்ந்தார். ஒன்பது நாள் கழித்து நெஞ்சு தெளிந்துவிட்டது, ரத்தப் பரிசோதனைகள் சரியாக இருக்கின்றன, ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். ஆனால் கட்டிலை விட்டு எழவே இருவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் அம்மாவுக்குக் குடல் அறுவை சிகிச்சை இருக்கிறது. அப்பாவுக்கு என்னதான் ஆனது, அம்மாவுக்கும் இப்படி ஆகாமல் தடுக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நான் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொது மருத்துவ வார்டுகளிலும் அறுவை சிகிச்சை வார்டுகளிலும் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொல்லும் கதையை மாதந்தோறும் பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். 'வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். ஒன்பது நாளில் அப்பாவுக்கு ஒன்பது நாள்தான் வயது கூடியிருக்கிறது. கால் ஓய்ந்ததில் நிமோனியாவுக்கு ஒரு பங்கு உண்டு, பெரும்பங்கு கட்டிலுக்கு. (ஒரு பக்கத்துக் கையோ காலோ மட்டும் தளர்ந்திருந்தாலும், பேச்சு குழறினாலும், கடுமையான முதுகுவலியோடு சிறுநீர், மலக் கட்டுப்பாடு போயிருந்தாலும் நான் எழுதப் போகும் கதை அதுவல்ல. உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.)

உங்கள் வீட்டில் மட்டும் நடந்த விபரீதம் இல்லை இது. 70 வயதைத் தாண்டி மருத்துவமனையில் சேர்கிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், நோய் வருவதற்கு முன் தாமே செய்துகொண்டிருந்த ஏதோ ஒரு அன்றாடக் காரியத்தை இழந்துதான் வெளியே வருகிறார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே சாப்பிடுவது ஆகியவைதான் அந்தக் காரியங்கள். எந்த நோய்க்காகச் சேர்ந்தாரோ அது குணமான பிறகும் இந்த இழப்பு நிற்கிறது.

கட்டில் எப்படி இதைச் செய்கிறது? 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமான சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். நோய் இல்லை, காய்ச்சல் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு. பத்தாவது நாள் முடிவில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. உங்கள் அப்பாவுக்கோ காய்ச்சல் இருந்தது, உடம்பெல்லாம் அழற்சி இருந்தது, பசி செத்துப் போயிருந்தது, பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் காத்திருந்த காலைகளும் இருந்திருக்கும். அவருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சரி, அந்த ஒரு கிலோ இளைஞருக்கும் போகலாமே, அவர் எழுந்து நடந்துவிடுகிறாரே? காரணம் கையிருப்பு. நாற்காலியிலிருந்து எழ இளைஞருக்குத் தொடைப் பலத்தில் ஒரு பங்குதான் செலவாகிறது. எண்பதை நெருங்குகிறவருக்கு, அதே செயலுக்கு இருக்கும் பலம் ஏறக்குறைய முழுவதும் வேண்டியிருக்கிறது. அது வெளியே தெரிவதில்லை. கையை ஊன்றி, ஒரு தடவை முன்னால் சாய்ந்து, எப்படியோ எழுந்துவிடுவார். கையிருப்பு விளிம்பில் இருக்கும்போது கொஞ்சம் குறைந்தாலும் மொத்தமாக முடியாமல் போகிறது. அதனால்தான் 'நேற்று வரை நன்றாக இருந்தாரே' என்று எல்லோரும் சொல்கிறார்கள். நேற்று வரை விளிம்புக்கு இந்தப் பக்கம் இருந்தார்.

தசை மட்டும் இல்லை. படுத்தே இருந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. எழுந்து நிற்கும்போது ரத்தத்தை மூளைக்கு ஏற்றும் அனிச்சைச் செயல் மந்தமாகிறது. நின்றால் கண் இருட்டுகிறது. நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தேங்குகிறது. மலச்சிக்கல், படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு எல்லாம் பின்னாலேயே வருகின்றன. இவை பலருக்கும் தெரிந்தவை. தெரியாத விஷயம் வேறு.

அப்பாவின் கேஸ் தாளை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். 'முழுப் படுக்கை ஓய்வு' என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? பெரும்பாலும் இருக்காது. நான் பார்த்த முக்கால்வாசித் தாள்களில் இல்லை. ஒன்பது நாள் அவரைப் படுக்க வைத்தது யாருடைய உத்தரவும் அல்ல. மாத்திரையின் பெயர், அளவு, வேளை எல்லாவற்றுக்கும் கையெழுத்து உண்டு. உடம்பை இத்தனை பாதிக்கும் கட்டிலுக்கு மட்டும் கையெழுத்து இல்லை. வார்டின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். சாப்பாடு கட்டிலுக்கு வருகிறது. மருந்து கட்டிலுக்கு வருகிறது. ரத்தம் எடுப்பவர், எக்ஸ்ரே வண்டி, பெட்பேன், பார்க்க வந்த உறவினர் எல்லாம் கட்டிலுக்கே. எழுவதற்கு ஒரு காரணம்கூட மிச்சம் வைப்பதில்லை. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், வார்டில் இருந்த 45 முதியவர்களின் உடலில் அசைவை அளக்கும் சிறு கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். சேர்வதற்கு முன் எல்லோரும் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் நேரத்தில் 83 சதவீதம் படுக்கையிலேயே கழிந்தது. நின்றதும் நடந்ததும் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1947இலேயே, கட்டில் ஆபத்தானது என்று உடலின் ஒவ்வொரு உறுப்பாகப் பட்டியல் போட்டுக் கேலியும் கோபமுமாக எழுதிவிட்டார். முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

ஏன் மாறவில்லை? விழுந்துவிடுவார்களோ என்ற பயம். வார்டில் ஒருவர் விழுந்தால் படிவம் நிரப்ப வேண்டும், விசாரணை வரும், யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். ஒருவர் எழாமலேயே கிடந்து நடை மறந்துபோனால் எந்தப் படிவமும் இல்லை. 'இறங்காதீங்க தாத்தா, விழுந்திடுவீங்க' என்று நர்ஸ் சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். இரவு வேலையில் ஒருவர் தலையில் இத்தனை கட்டில் என்று இருக்கும்போது வேறென்ன சொல்வார்? ஆனால் கட்டிலோடு இருக்க வைப்பதால் விழுவது குறைவதில்லை. கால் இன்னும் பலவீனமாகிறது. ஒருநாள் இரவு யாரும் பார்க்காதபோது, பக்கத்துக் கம்பியைத் தாண்டி இறங்கப் பார்த்து, இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார்கள்.

பயத்தைக் கேலி செய்யும் தகுதி எனக்கும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்து நாள் படுத்திருந்த ஒரு பாட்டியை உற்சாகத்தில் நேராக எழுப்பி நிறுத்தினேன். நின்றார், சிரித்தார், இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியில் கண் செருகிச் சரிந்தார். நான் பிடித்துத் தரையில் இறக்கிவிட்டேன், ஆனாலும் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ரத்த அழுத்தம் பார்க்காமல் எழுப்பியது என் தவறு. அன்று முதல் நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். அப்பாவுக்கும் இதுவே போதும்; முதல் சில தடவை பிசியோதெரபிஸ்டோ நர்ஸோ கூட இருக்கட்டும்.

முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி ஐந்து நிமிடம் உட்கார வைப்பேன். அந்த நேரத்தில் கணுக்காலை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டச் சொல்வேன். ஆடுசதை அசைந்தால் காலில் தேங்கிய ரத்தம் மேலேறும். பிறகு கட்டிலின் உயரத்தைக் குறைப்பேன். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் எந்த மனிதனுக்கும் பயம் வரும். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், வெறும் காலுறை கூடாது, குதிகாலைப் பிடிக்கும் செருப்போ ஷூவோ வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்த நிலையில் ரத்த அழுத்தம் பார்ப்பேன். எழுப்பி நிறுத்தி ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பார்ப்பேன். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அன்று நடை கிடையாது. உட்கார வைத்துவிட்டு மருந்துகளை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மருத்துவரிடம் போவேன். எழும்போது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க மாட்டேன், தோள்மூட்டு விலகும். 'மூக்கு முழங்காலுக்கு மேல் வரும்படி முன்னால் சாயுங்கள், கையைக் கட்டிலில் ஊன்றித் தள்ளுங்கள்' என்பேன். அந்த நொடியில் கவனித்தால் தெரியும்: விரல் முட்டிகள் வெளுக்கும், தொடை நடுங்கும், கண் தரையிலேயே இருக்கும். நின்றவுடன் நடக்கச் சொல்லக் கூடாது. நிற்கட்டும். எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லச் சொல்வேன். தலை நிமிர்ந்தால் முதுகு நிமிரும். முதல் நாளுக்கு அது போதும்.

அப்புறம், கட்டிப் போட்டிருக்கும் கயிறுகள். கயிறு என்றால் கயிறு இல்லை: சிறுநீர்க் குழாய், சலைன் குழாய், ஆக்சிஜன் குழாய், மானிட்டர் ஒயர். சிறுநீர்ப் பை கட்டிலின் சட்டத்தில் மாட்டியிருக்கும். அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. இவற்றில் ஒவ்வொன்றையும் காட்டித் தினமும் காலை ரவுண்ட்ஸில் கேளுங்கள்: 'இது இன்றைக்கும் வேண்டுமா, டாக்டர்?' சண்டை போடும் குரலில் வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள். முதல் நாள் அவசரத்தில் போட்ட கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), யாரும் எடுக்கச் சொல்லாததால் ஆறாவது நாளும் இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீர்த் தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. கழிப்பறைக்குப் போகும் நடையும் போகிறது. வார்டில் முதியவருக்குக் கிடைக்கும் இயல்பான உடற்பயிற்சியே அந்த நடைதான். டயபரும் இதே கணக்கு. சிறுநீரை அடக்கத் தெரிந்த மனிதருக்கு, வசதிக்காக டயபர் மாட்டி 'அதிலேயே போயிடுங்க' என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கட்டுப்பாட்டோடு அவருடைய மானமும் போகிறது. சில நாளிலேயே பழக்கம் மாறிவிடுகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை நாமாகவே கழிப்பறைக்கு அழைத்துப் போனால் பலருக்கு டயபர் தேவைப்படாது.

இன்னொரு திருடன் மனக்குழப்பம். மருத்துவர்கள் டெலிரியம் என்பார்கள். இரவில் கத்துவது, குழாயைப் பிடுங்குவது என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதியவர்களிடம் அதிகம் வருவது அமைதியான வகை: கண்ணை மூடிக்கொண்டே இருப்பார், கேட்டால் ஒரு வார்த்தை, கரண்டி பாதி வழியில் நின்றுவிடும். 'நல்லா தூங்குறார், தொந்தரவு பண்ணாதீங்க' என்று விட்டுவிடுவார்கள். தினமும் பார்க்கிற உங்களுக்குத்தான் 'இது அப்பா இல்லையே' என்று முதலில் தோன்றும். தோன்றினால் அன்றே சொல்லுங்கள். அது நோயாளியின் சுபாவம் அல்ல. தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, மருந்து, வலி என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய காரணம் உள்ள நிலை. தடுக்கும் வழிகளோ எளியவை. கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் மூன்றும் வீட்டு அலமாரியில் இருந்தால் பயன் இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பகலில் ஜன்னல் வெளிச்சம், இரவில் இருட்டு. இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்ற பேச்சு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவமனையில் ஷரோன் இனோயே குழுவினர் 852 முதியவர்களிடம் இப்படிப்பட்ட எளிய காரியங்களைத் தொகுப்பாகச் செய்து பார்த்து 1999இல் வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த குழப்பம், இங்கே 9.9 சதவீதமாகக் குறைந்தது. மருந்து எதுவும் புதிதாகச் சேர்க்கவில்லை.

மருந்து என்றதும் தூக்க மாத்திரை. இரவு தூங்கவில்லை என்று நீங்களே கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று 1991இல் தொடங்கி இன்று வரை புதுப்பித்து வரும் பீர்ஸ் பட்டியலில், டயஸிபாம் குடும்பத்து மாத்திரைகளும், தூக்கம் வரவழைக்கும் டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகளும் இருக்கின்றன. அவை மறுநாள் மதியம் வரை கால்களைத் தள்ளாட வைக்கும், புத்தியை மழுக்கும். ஆனால் வருடக்கணக்கில் ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவருக்குத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அதை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. தசை புரதத்தால் ஆனது. நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பது நிபுணர்கள் பரிந்துரைக்கும் அளவு. 60 கிலோ எடை என்றால் 72 முதல் 90 கிராம். கஞ்சியும் பழச்சாறும் மட்டும் குடித்து இதை எட்ட முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, கேட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிட உட்காரும் இடம் நாற்காலியாக இருக்கட்டும். மூன்று வேளையும் நாற்காலியில் சாப்பிட்டால் ஆறு தடவை எழுந்து உட்கார்ந்த கணக்கு, தனியாகப் பயிற்சி என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. விழுங்கும்போது புரையேறுவதும் குறையும்.

இப்போது உங்களுக்கு வருத்தம் தரக்கூடிய ஒன்றைச் சொல்லப் போகிறேன். இரண்டு கையும் நன்றாக இருக்கும் ஒரு தகப்பனாருக்கு மகள் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருப்பார். வாயைத் துடைத்துவிடுவார், சட்டை பட்டனைப் போட்டுவிடுவார், தண்ணீர் டம்ளரை உதட்டில் வைப்பார். பாசம்தான், எனக்கும் அப்பா இருந்தார். ஆனால் ஒரு வாரம் அப்படி நடந்தால் அந்தக் கை வேலையை மறக்கிறது, அவர் மனதும் 'நான் நோயாளி' என்று ஒத்துக்கொண்டுவிடுகிறது. ஒருமுறை அப்படி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள் என்றேன். முதல் கரண்டி சட்டையில், இரண்டாவது பாதி வாயில் பாதி மடியில். அவர் மகளைப் பார்த்தார், மகள் என்னை முறைத்தார். நான்காவது கரண்டியிலிருந்து சரியாகப் போனது. சாப்பிட்டு முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. ஊட்டியிருந்தால் பத்து நிமிடம்தான். அவசரம் நமக்குத்தான் இருக்கிறது.

இதெல்லாம் பலன் தருமா என்றால், தரும் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் முதியவர்களுக்கென்றே ஒரு வார்டை மாற்றியமைத்தார்கள். கைப்பிடிக் கம்பிகள், தரைவிரிப்பு, பெரிய கடிகாரமும் நாட்காட்டியும், உயர்த்திய கழிப்பறை இருக்கை, தினமும் மருந்துகளைச் சரிபார்ப்பது, நர்ஸே முடிவெடுத்து நடக்க வைப்பது. 651 பேரை வைத்து 1995இல் வந்த முடிவில், சேர்ந்த நாளைவிட மோசமாகி வெளியேறியவர்கள் வழக்கமான வார்டில் 21 சதவீதம், இங்கே 16. முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் 22 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது ஸ்பெயின் நாட்டின் பம்ப்லோனாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு. 75 வயதைத் தாண்டிய 370 பேர். சராசரி வயது 87. தினமும் காலை இருபது நிமிடம், மாலை இருபது நிமிடம். நடை, சமநிலை, கொஞ்சம் எடை தள்ளும் பயிற்சி. அன்றாடச் செயல்திறனை நூறு புள்ளிகளுக்கு அளக்கும் பார்தல் அளவீட்டில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் ஐந்து புள்ளிகள் இழந்தார்கள். பயிற்சி செய்தவர்கள் ஏறக்குறைய இரண்டு புள்ளிகள் கூடுதலாகப் பெற்றார்கள். 87 வயதில், மருத்துவமனைக் கட்டிலில் இருந்துகொண்டு.

எல்லோரையும் உடனே எழுப்ப வேண்டும் என்றும் அர்த்தமில்லை. பக்கவாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் தீவிரமாக, அடிக்கடி எழுப்பி நடத்தினால் நல்லது என்று நம்பி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பெரிய ஆய்வு நடத்தினார்கள். 2015இல் முடிவு வந்தபோது, அப்படிச் செய்தவர்கள் மூன்று மாதம் கழித்துச் சற்று மோசமாகவே இருந்தார்கள். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது நல்ல சூடு. நெஞ்சுவலி அடங்காதவர், ரத்த அழுத்தம் நிலைக்காதவர், நிலைப்படுத்தாத எலும்பு முறிவு உள்ளவர் ஆகியோருக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். மறுபக்கம், இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனவரை மறுநாளே எழுப்ப வேண்டும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி 'நடக்கலாமா?' என்பதல்ல. அதற்கு 'கொஞ்சம் போகட்டும்' என்ற பதில்தான் கிடைக்கும். 'நடக்கக் கூடாது என்பதற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா?' என்று கேளுங்கள். காரணம் இருந்தால் சொல்வார்கள், மதித்து நடங்கள். இல்லையென்றால் அன்றே தொடங்கலாம்.

அம்மாவுக்கு உங்கள் கையில் ஒரு மாதம் இருக்கிறது. அது அருமையான காலம், வீணாக்காதீர்கள். இன்றிலிருந்தே கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி: முடிந்தவரை எண்ணிக்கை, தினமும் இரண்டு வேளை, ஊன்றாமல் முடியாவிட்டால் ஊன்றியே செய்யட்டும். தினமும் மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு நடை. இதயக் கோளாறு இருந்தால் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். புரதம் மேலே சொன்னபடி. ஆழமாக மூச்சிழுக்கவும், வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமவும் இப்போதே பழக்குங்கள். தையல் போட்ட பிறகு கற்பிப்பது கஷ்டம். அறுவை சிகிச்சை நிபுணரிடம் மூன்று விஷயம் முன்கூட்டியே பேசுங்கள்: கதீட்டர் எந்த நாள் எடுக்கப்படும், எந்த நாள் எழுந்து உட்கார வேண்டும், வலிக்கு என்ன தருவார்கள். வலி அடங்காவிட்டால் யார் சொன்னாலும் அவர் எழ மாட்டார். வலி மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து நடக்க வைப்பது எங்கள் வார்டில் சாதாரண தந்திரம். சேரும் நாளில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, சிகிச்சைக் குழுவின் கண்ணில் படும்படி வையுங்கள்: 'வீட்டில் தனியாக நடப்பார், தானே குளிப்பார், மாடிப்படி ஏறுவார், வலது காதில் சத்தமாகப் பேசினால் கேட்கும்.' இது சின்ன விஷயமாகத் தோன்றும். கட்டிலில் நைட்டியோடு சுருண்டு கிடக்கும் மூதாட்டியைப் பார்க்கும் புதிய நர்ஸுக்கு, அவர் எப்போதுமே இப்படித்தான் என்று தோன்றிவிடுகிறது. அந்தத் தாள் அதை மாற்றும். முடிந்தால் பகலில் வீட்டு உடையும் போடட்டும்.

இனி அப்பா. டிஸ்சார்ஜ் அவசரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், பிசியோதெரபிஸ்ட் வந்து கட்டிலிலிருந்து எழுவது, கழிப்பறை, வீட்டில் படி இருந்தால் படி ஆகியவற்றைப் பார்க்கட்டும். எத்தனை பேர் உதவி, எந்த அளவு வாக்கர் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாக்கரின் கைப்பிடி அவர் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது நாற்காலி. புதையும் சோஃபா வேண்டாம். கைப்பிடி உள்ள, உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்கும் உறுதியான நாற்காலி. அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து ஒரு நிமிடம் நிற்கட்டும், பிறகு நாலு அடி, பிறகு கதவு வரை. நீண்ட ஒரு நடையைவிடக் குட்டிக் குட்டியாகப் பல நடை நல்லது. புதிதாகச் சேர்த்த மாத்திரைகளில் எவை தொடர வேண்டும், எவை வார்டோடு முடிந்தவை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால், திடீரென்று மூச்சுத் திணறினால், புதிதாகக் குழப்பம் வந்தால், மறுபடி காய்ச்சல் அடித்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பழையபடி ஆகிவிடுவாரா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குப் பின்னால் அதுதான் இருக்கிறது. இப்படிச் செயல்திறன் இழந்து வெளியே வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், ஓராண்டு முடிவில் முப்பது சதவீதம் பேர்தான் பழைய நிலையில் இருந்தார்கள். அதில் கடும் நோயாளிகள் பலர், ஏற்கெனவே நலிந்திருந்தவர்கள் பலர். உங்கள் அப்பா நடந்து உள்ளே போனவர், நோய் குணமாகியிருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறது. அவர் நல்ல பக்கத்தில் நிற்கிறார் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்பது நாளில் போனது ஒன்பது நாளில் வராது. மாதக்கணக்கில் ஆகும்; முதல் ஓரிரு மாதம்தான் அதிகம் திரும்பி வரும் காலம் என்பதால் 'உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று ஒத்திப் போடாதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் இரவு ஒரே ஒரு வரி: இன்று எங்கிருந்து எங்கே வரை, யார் உதவி, எத்தனை தடவை. முன்னேற்றம் கண்ணால் பார்த்தால் தெரியாது, நோட்டில்தான் தெரியும். இரண்டு வாரம் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் பிசியோதெரபிஸ்டிடம் அந்த நோட்டையே காட்டலாம். இன்றைக்கு எழுத வேண்டிய வரி எனக்கே தெரியும்: 'கட்டிலிலிருந்து நாற்காலி, இருவர் பிடித்தோம், ஒரு தடவை.' எழுதிப் பக்கத்தில் தேதி போட்டுவிடுங்கள்.